புதுப்பிப்பு: தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் நிரப்பும் பிரச்சினை

ஏடிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானம் மட்டும் வந்துபோகும் எங்கள் சின்ன விமான நிலையத்தில், தீயணைப்பு வண்டியை மறுபடி நிரப்ப 40 நிமிடம் ஆகிறதென்று முன்பு புலம்பியிருந்தேன். அந்த விமானத்தின் அளவுக்கு, இகாவோவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) தீயணைப்புப் பாதுகாப்பில் 5ஆம் வகை. தீயணைக்கும் திறனில் பி தரமுள்ள நுரையென்றால் 5,400 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 3,000 லிட்டர் வீச்சு. இரண்டே நிமிடத்தில் வண்டி காலி!

பெரிய மோட்டார் போடச் சொன்னீர்கள். மோட்டாரில் கோளாறே இல்லை, மேல்நிலைத் தொட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கிறது. கீழே வரும் இரண்டு அங்குலக் குழாயைக் கழற்றினால் உள்ளே ஒரே உப்புப் படிவு. இரண்டு விரல் நுழையவே கஷ்டம். சரி என்று நான்கு அங்குலக் குழாய் போட்டு, வளைவுகளையும் குறைத்தோம். நேற்று ஆறு நிமிடத்தில் நிரம்பி வழிந்து என் பூட்ஸும் நனைந்தது.

அப்புறம், ஓடுபாதைக் கடைசியில் ஒரு தரைத்தொட்டி கேட்டிருக்கிறோம். கோப்பு இன்னும் நகரவில்லை.