2004 டிசம்பர் 26, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நீங்க எங்கே இருந்தீங்க?

முதுநகர் வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ல வாத்தியாரா இருக்கேன். இப்ப என் வகுப்புல உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளைகூட சுனாமிக்கு முன்னாடி பிறந்தது இல்லை. வருஷா வருஷம் டிசம்பர் 26 அன்னிக்குப் பெரியவங்க கடல்ல பால் ஊத்தி அழுவுறதைப் பார்க்குறாங்க. சில வீட்டுல மாலை போட்ட படத்துல ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பாங்க, இந்தப் பிள்ளைங்க அவங்களைப் பார்த்ததே கிடையாது. "அலை அடிச்சப்போ எங்க சார் இருந்தீங்க?"ன்னு கேட்குறாங்க. அதைச் சொல்றதுக்கு ஊர்ல ஆள் இருக்கு. நான் இங்க கேட்கிறது அதுக்கு முந்தின நேரத்தை.

சுமத்ரா பக்கம் கடலடியில நிலம் அதிர்ந்தது நம்ம நேரத்துக்குக் காலை ஆறரை மணியை ஒட்டி. நம்ம கரைக்குத் தண்ணி வந்தது எட்டரை மணி வாக்குல. நடுவுல ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. கார் நிகோபாரை அலை அடிச்சு முடிச்சதும் அந்த நேரத்துக்குள்ளதான். பசிபிக் கடலோர நாடுகளுக்கு 1949லேயே எச்சரிக்கை மையம் வந்தாச்சு. நமக்கு ஹைதராபாத்ல மையம் வந்தது 2007ல. அந்த ரெண்டு மணி நேரமும் நம்மகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. அவங்க கடைசியா எதைச் சாப்பிட்டாங்க, யார்கிட்ட பேசினாங்க, எந்த வேலையில இருந்தாங்க, இதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கலைங்கிறது எனக்கு ரொம்ப நாளா மனசுல கிடக்குது.

என் பங்குக்கு: மஞ்சக்குப்பத்துல ஒரு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, மார்கழி பௌர்ணமி. கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிட்டிருந்துச்சு. அரைப் பரீட்சை லீவுல இருந்த என் வகுப்புப் பையன் ஒருத்தன் சைக்கிள்ல வந்தான். பேட்டைப் பின் கேரியர்ல வச்சுக் கட்டியிருந்தான், புது டென்னிஸ் பந்து சட்டைப் பையில முட்டிக்கிட்டு நின்னுச்சு. "சில்வர் பீச்ல மேட்ச் சார்"னு சொல்லிட்டு மிதிச்சான். ஜனவரியில பள்ளிக்கூடம் திறந்ததும் வருகைப் பதிவேட்டுல அவன் பேர் மேல சிவப்பு மையில கோடு போட்டது நான்தான்.

பட்டினத்தான்:
சார், நான் கடல்ல இருந்தேன். தேவனாம்பட்டினம். பெரியப்பா பைபர் போட்டுல விடியறதுக்கு முன்னாடியே போயாச்சு. நீங்க சொல்ற நேரத்துல வலை இழுத்துக்கிட்டிருந்தோம். நல்ல பாடு அன்னிக்கு. அலை எங்களுக்கு அடியில பூந்துதான் கரைக்குப் போயிருக்கு, ஆழத்துல எங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. போட்டு ஆடினதாகூட ஞாபகம் இல்லை.

திரும்பி வர்றப்போ தண்ணி நிறம் மாறிக் கறுப்பா சேறு கலந்து கிடந்துச்சு. பிளாஸ்டிக் குடம், கேஸ் சிலிண்டர், கட்டில் சட்டம், தட்டியோட ஒரு கூரை எல்லாம் மிதந்து வருது. எங்கயோ புயல் அடிச்சிருக்குன்னார் பெரியப்பா. வானம் பளிச்சுன்னு இருக்கு, காத்தும் இல்லை. கரை தெரிஞ்சப்புறம்தான் வயித்தைக் கலக்குச்சு. ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துல ஏலம் எடுக்கப் பொம்பளைங்க கூடையோட வரிசையா நிப்பாங்க. ஒரு ஆள் இல்லை. போட்டுங்க ரோட்டு மேல ஏறிக் கிடக்குது.

அம்மா பிழைச்சாங்க. சித்தியும் ரெண்டு பிள்ளைங்களும் இல்லை. சித்தி எப்பவும் நாங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து தண்ணிகிட்ட நிப்பாங்க, நல்ல மீனா முதல்ல எடுக்கணும்னு.

நல்லவாடு மருமக:
வாத்தியார் ஐயா, ஒருத்தரும் சொல்லலைன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஊருக்கு ஒருத்தர் சொன்னார். அதையும் பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க.

நல்லவாடு உங்களுக்குத் தெரியும், கடலூர்ல இருந்து பாண்டி போற வழியில உள்ள தள்ளி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எங்க ஊர்ல ஒரு தகவல் மையம் வச்சிருந்தாங்க. தினமும் ஸ்பீக்கர்ல அலை எத்தனை அடி, காத்து எப்படின்னு சொல்லுவாங்க, அதைக் கேட்டுட்டுத்தான் ஆம்பளைங்க கடலுக்குப் போறது. அன்னிக்குச் சிங்கப்பூர்ல வேலை பார்த்த எங்க ஊர்ப் பையன் டிவியில சேதி பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டிருக்கார். அவர் பேசுறப்பவே வீட்டாளுங்க கடல் தண்ணி உள்ள வருதுன்னு சொல்லியிருக்காங்க. ஓடுங்க, ஊரையும் ஓடச் சொல்லுங்கன்னார். மையம் பூட்டியிருந்துச்சு. கதவை உடைச்சு உள்ள போய் ஸ்பீக்கர்ல சொன்னாங்க.

நான் அடுப்புல இட்லிப் பானையை ஏத்தியிருந்தேன். தினம் அலை உயரம் சொல்ற அதே ஸ்பீக்கர்ல "எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க"ன்னு கேட்டுச்சு. மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடினேன். வீடு போச்சு, போட்டு போச்சு, வலை போச்சு. ஊர் சனம் பிழைச்சுது. நினைச்சா எனக்கு இன்னும் ஆறலை. ஒரு போனும் ஒரு ஸ்பீக்கரும் எங்களுக்கு இருந்துச்சு, பக்கத்துல பக்கத்துல இருந்த குப்பங்களுக்கு இல்லை.

குருசுகுப்பம்:
நான் புதுச்சேரி கடற்கரைச் சாலையில நடந்துக்கிட்டிருந்தேன், காந்தி சிலைகிட்ட. கருங்கல் கொட்டி வச்சிருக்கிற இடத்துல தண்ணி மேல மேல ஏறுச்சு. கல்லும் சுவரும் தாங்கிக்கிச்சு, டவுனுக்குள்ள வரலை. தெற்கே வீராம்பட்டினம், வடக்கே காலாப்பட்டு, அங்கெல்லாம் கல் இல்லை.

இந்திரா காந்தி 1984ல, ராஜீவ் காந்தி 1991ல, ரெண்டு பேர் சாவும் எனக்கு ரேடியோ சொல்லித்தான் தெரியும். எந்தத் திண்ணையில உட்கார்ந்து கேட்டேன்னு இப்பவும் சொல்லுவேன். இது அப்படி இல்லை சார். கண்ணால பார்த்துட்டேன், ஆனா என்ன பார்த்தேன்னு சாயங்காலம் டிவி சொல்ற வரைக்கும் எனக்குப் புரியலை.

முதுநகர் வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. நல்லவாடு அம்மா, நீங்க சொன்னதை முதல்லயே பிள்ளைங்களுக்குச் சொல்லிடுறேன்.

இன்னொண்ணும் கேட்கணும். டிசம்பர் 30, வியாழக்கிழமை, மறுபடியும் அலை வருதுன்னு டெல்லியில இருந்து எச்சரிக்கை வந்து, ஊரே திருப்பாப்புலியூர் பக்கம் ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? அலை வரலை. ஆனா பிணத்தைத் தேடிக்கிட்டிருந்தவங்க தேடுறதைப் பாதியில விட்டுட்டு ஓடினாங்க. அன்னிக்கு ஓடினவங்களும் எழுதுங்க.

பட்டினத்தான் தம்பி, நீங்க எழுதினதை வகுப்புல படிச்சுக் காட்டட்டுமா? உங்க பேரைச் சொல்ல மாட்டேன்.

பட்டினத்தான்:
படிங்க சார். என் பேர் வேணாம். சித்தி பேரையும் பிள்ளைங்க பேரையும் மட்டும் சொல்லுங்க, உங்களுக்குத் தனியா அனுப்புறேன்.