புதுப்பிப்பு: லா கிராவில் பனிச்சறுக்கு

பிரான்சின் லா கிராவில் கேபிள் கார் 1,450 மீட்டரிலிருந்து 3,200 மீட்டருக்கு ஏறுகிறது என்று முன்பு எழுதியதும், என்னென்ன கொண்டுபோவது என்று கேட்டிருந்தீர்கள்.

பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க டிரான்ஸீவர் (சமிக்ஞை அனுப்பும், பெறும் கருவி), ப்ரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) மூன்றும் ஆளுக்கொன்று. ஒருவரிடம் இல்லாவிட்டாலும் போகாதீர்கள். கீழேயே டிரான்ஸீவரை இயக்கி, ஒருவருக்கொருவர் சரிபாருங்கள். கைபேசி அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; புதைந்தவரைத் தேடும்போது கைபேசி 50 செ.மீ.க்குள் இருந்தால் சமிக்ஞை குழம்பும்.

ஹார்னெஸை (கயிறு கட்டித் தூக்க உதவும் இடுப்புப் பட்டை) மேலே கேபிள் காரிலிருந்து இறங்கியதுமே மாட்டிக்கொள்ளுங்கள். பனியாற்றுப் பிளவில் விழுந்தபின் பைக்குள் கிடக்கும் ஹார்னெஸால் பயனில்லை.

ஒரு திருத்தம்: ஷான்செல் என்ற சறுக்கு வழியில் 'நேரே இறங்கலாம்' என்று முன்பு நான் எழுதியது தவறு. 1,800 மீட்டரில் உள்ள கேபிள் கார் இடைநிலையத்துக்குக் குறுக்கே திரும்பும் தடத்தைத் தவறவிட்டால் கீழே செங்குத்துப் பாறைகள். முதல்முறை என்றால் மலை வழிகாட்டியோடு மட்டுமே இறங்குங்கள். அவசர எண் 112.