ரோபோ என்றால் உயிர், புள்ளிக்கோட்டைக் கண்டால் ஓட்டம்: 4 வயதுப் பையனை என்ன செய்வது?

பீப்பீப்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு நாலே கால் வயது. எந்நேரமும் ரோபோதான், நடந்தால்கூட முழங்காலை மடக்காமல் "பீப் பீப்" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் நடக்கிறான். சரி, இந்த ஆசையை வைத்தே பென்சில் பிடிக்கப் பழக்கிவிடலாம் என்று இணையத்தில் தேடி, பெரிய கண்ணும் தலையில் ஆன்டெனாவும் வயிற்றில் பட்டனுமாக இருக்கிற குட்டி ரோபோக்களைப் பார்த்துப் பார்த்து முப்பது பக்கம் பிரின்ட் எடுத்து வைத்தேன். எல்லாம் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்துவிட்டு அப்புறம் வண்ணம் தீட்டுகிற மாதிரிப் பக்கங்கள்.

முதல் பக்கமே தாண்டவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று மரங்கொத்தி மாதிரி பென்சிலால் குத்துகிறான், கோடாக இழுக்கவே இல்லை. கழுத்துப் பக்கம் வரும்போது அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. "ரோபோ உடஞ்சிருச்சு" என்று அரை மணி நேரம் அழுகை. மறுநாள் வண்ணம் மட்டும் தீட்டலாம் என்று கொடுத்தால் கறுப்பு கிரேயானை எடுத்துக் கண், மூக்கு, வயிறு எல்லாவற்றையும் மூடிவிட்டு "ராத்திரி ஆயிடுச்சு, தூங்குது" என்கிறான்.

இவனைவிட சில மாதமே மூத்த உறவுக்காரப் பெண் கோட்டைத் தாண்டாமல் அழகாகச் செய்கிறாள். இவன் சில நேரம் கிரேயானை இன்னும் முஷ்டியில் பிடிக்கிறான். இந்த வயதுக்கு இது சரிதானா, இல்லை நான் கவலைப்பட வேண்டுமா? மீதி 29 பக்கத்தை என்ன செய்வது?

கிறுக்கல்_டீச்சர்

பதினோரு வருடமாக மழலையர் வகுப்பு எடுக்கிறேன். முதலில் அந்தப் பெண்ணோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள் தோழி, இந்த வயதில் நாலு மாதம் என்பது பெரிய இடைவெளி.

உங்கள் பக்கத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ரோபோவின் தலை சதுரமாக இருக்கும், பாவாடை மாதிரி உடம்பு முக்கோணமாகவோ சரிந்தோ இருக்கும், நெஞ்சில் ஒரு வைர வடிவம் இருந்தாலும் இருக்கும். பிள்ளைகள் பார்த்து வரையக் கற்றுக்கொள்வதில் ஒரு வரிசை உண்டு. 2 வயதை ஒட்டி மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்புறம் படுக்கைக் கோடு, 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம், 5 வயதில் முக்கோணம். வைர வடிவம் 6, 7 வயதுக்கு மேல்தான். ஆறு மாதம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் இல்லை. அதாவது உங்கள் பையனின் கை இப்போதுதான் வட்டத்திலிருந்து சதுரத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது, நீங்கள் கொடுத்ததோ ஐந்தரை வயது வேலை. "குட்டி ரோபோ, சின்னக் குழந்தைகளுக்கு" என்று மேலே எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். படம் அழகாக இருப்பதற்கும் கைக்கு எளிதாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது அந்தக் குத்தல். அவன் தப்பே செய்யவில்லை! தாளில் புள்ளி இருக்கிறது, புள்ளியைத் தொடுகிறான். புள்ளிக்கோட்டை "இது ஒரே கோடு" என்று மனதில் சேர்த்துப் பார்ப்பது பெரியவர்களுக்கு வந்த பழக்கம். ஆரம்பத்தில் விட்டு விட்டு வரும் கோடே வேண்டாம். வெளிர் மஞ்சள் ஹைலைட்டரால் தடியாக, இடைவெளி இல்லாமல் நீங்களே ஒரு கோடு போடுங்கள். தொடங்கும் இடத்தில் பச்சைப் பொட்டு, முடியும் இடத்தில் சிவப்புப் பொட்டு. ஒரு ஏ4 தாளுக்கு ஒரே ரோபோ, அதுவும் முழு ரோபோ வேண்டாம், ஆன்டெனா மட்டும். "இதுக்கு சிக்னல் கிடைக்கலையாம், கம்பி போட்டு விடு" என்று சொல்லிப் பாருங்கள்.

முஷ்டிப் பிடிக்கு ஒரு வழி, கிரேயானை உடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டை முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிகள் தானாக வந்துவிடும். (வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் துண்டுகளை எட்டாமல் வையுங்கள், வாயில்தான் போகும்.) தாளைச் சுவரில் ஒட்டி நின்றபடி வரையச் சொன்னாலும் மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து பிடி நன்றாக வரும்.

இடதுகை_அப்பா

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பையன் எந்தக் கையால் வரைகிறான் என்று நீங்கள் சொல்லவில்லை. என் மகள் இடது கை. "மாதிரியைப் பார், பக்கத்தில் வரை" என்கிற தாள்களில் மாதிரி எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும், இவள் கையை வைத்ததும் அது மறைந்துவிடும். நான் என்னடா இது, பார்க்காமலே வரைகிறாளே என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. அதிலிருந்து மாதிரியைத் தாளின் மேல்பக்கம் வைத்துவிட்டேன், இரண்டு கைக்கும் பொருந்தும்.

அழுத்திக் கிழிப்பதற்கு நாங்கள் செய்தது: இரண்டு ரோபோ. ஒன்று தூங்குகிறது, அதைப் பூனை நடக்கிற மாதிரி மெல்லிசாக வரைய வேண்டும், கோடு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். இன்னொன்று முரட்டு ரோபோ, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம். "அழுத்தாதே" என்று நூறு தரம் சொன்னதில் வராதது இரண்டு நாளில் வந்தது, ஏனென்றால் அழுத்தம் என்பது தன் கையில்தான் இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. முரட்டு ரோபோவுக்குக் கொஞ்சம் கனமான தாள் வையுங்கள். சாதாரணப் பிரின்ட் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஸ்கெட்ச் பேனாவுக்கு ஊறிப் பின்பக்கம் தெரியும். 120 என்றால் தாங்கும்.

தாளை நாலு மூலையிலும் டேப் போட்டு மேசையில் ஒட்டுங்கள். நகர்கிற தாளைப் பிடிக்கவே பாதி சக்தி போய்விடும்.

கோடு_தாண்டியவன்

எல்லோரும் கோடு எப்படிப் போடுவது என்றே பேசுகிறீர்கள். கோடு எதற்கு என்று நான் கேட்கிறேன், கோபிக்காதீர்கள்.

2012-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். இன்னும் படிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகள் எழுத்துகளைத் தாங்களாகக் கையால் எழுதினார்கள், கோட்டின் மேல் எழுதினார்கள், விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு எம்ஆர்ஐ கருவியில் படுக்க வைத்து அதே எழுத்துகளைக் காட்டியபோது, படிப்பதற்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் தாங்களாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் நன்றாக வேலை செய்தன, மற்ற இரண்டுக்கும் அந்த அளவு இல்லை. இது எழுத்துகளைப் பற்றியது, ரோபோவைப் பற்றியது அல்ல என்பது தெரியும். ஆனால் என் வீட்டில் நான் கண்ணால் பார்த்தது இதே கதைதான். ஆறு மாதம் என் பெண் பக்கம் பக்கமாகக் கோட்டின் மேல் வரைந்தாள், ஒரு மயிரிழை தவறாது. ஒரு நாள் வெற்றுத் தாளைக் கொடுத்து "உனக்குப் பிடித்த ரோபோ வரை" என்றேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு "கோடு எங்கப்பா?" என்றாள்.

அன்றிலிருந்து குறை ரோபோக்கள்தான். ஒரு கை இல்லாத ரோபோ, முகமே இல்லாத ரோபோ, பாதி உடம்பு மட்டும் உள்ள ரோபோ. மிச்சத்தை அவள் சேர்க்க வேண்டும். முதல் வாரம் ஒரு கை, அப்புறம் இரண்டு கையும் காலும், கடைசியில் நான் ஒரு பெட்டி மட்டும் போட்டுக் கொடுத்தேன். யானைக்கு ஐந்து கால் போட்டால் பிள்ளையே "தப்பு" என்று அழித்துவிடும், ரோபோவுக்கு ஐந்து கால் இருந்தால் என்ன? இந்த ஒரு காரணத்துக்காகத்தான் ரோபோவை நான் விடுவதில்லை.

கறுப்புப் பூச்சுக்குக் கவலைப்படாதீர்கள். ராத்திரி ஆனதால் கறுப்பு என்று காரணத்தோடு சொல்கிற பிள்ளையைப் பார்த்து நான் சந்தோஷம்தான் படுவேன். ரோபோ என்ற சொல்லே 1920-இல் வந்த ஒரு செக் நாடகத்தில் பிறந்ததுதான், அந்த மொழியில் "ரொபோட்டா" என்றால் கட்டாய வேலை. அதை நம் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

கிறுக்கல்_டீச்சர்

கோடு_தாண்டியவன் சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். கோட்டின் மேல் வரைவது கைக்கு ஒரு பாதையைக் காட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு வடிவத்துக்கு இரண்டு மூன்று தரம் போதும், அடுத்தது கோடில்லாமல் பக்கத்திலேயே ஒன்று. ஆனால் முதல் நாளே வெற்றுத் தாளைக் கொடுத்தால் சில பிள்ளைகள் பயந்துபோய் பென்சிலையே தொடமாட்டார்கள், அதையும் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. இணையத்தில் கிடைக்கும் ரோபோப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்குப் போகிற பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தவை, நேர்க்கோடும் மூலையும்தான் அதிகம். நமக்கு மூலையும் வேண்டும், சுழியும் வேண்டும். மூலைக்கு ரோபோவின் உடம்பே போதும்: மூடி இல்லாத பெட்டியை வரைந்தால் அது 'ப', ஒரு பக்கச் சுவரையும் தரையையும் வரைந்தால் 'ட'. சுழிக்குக் கையை ஸ்பிரிங்காக மாற்றிவிடுங்கள். நான் இடது கைக்கு இரண்டு சுழி, வலது கைக்கு மூன்று சுழி வைப்பேன். பின்னாளில் ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று வரும்போது அந்தக் கை ஏற்கெனவே சுற்றிப் பழகியிருக்கும். மேலே ஒற்றைக் கண், கீழே இரண்டு பட்டன் வைத்தால் ஃ. என் வகுப்பில் அதற்கு ஆய்த ரோபோ என்று பெயர்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். அவன் எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.

பீப்பீப்_அம்மா

எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வலது கைதான், அது சொல்ல மறந்துவிட்டேன். மஞ்சள் ஹைலைட்டர் கோட்டுக்கு முதல் நாளே குத்தல் நின்றுவிட்டது, நேராக இழுத்தான்! கிரேயானை உடைத்ததற்கு மட்டும் ஒரு சண்டை நடந்தது, அப்புறம் அவனே மீதி எல்லாவற்றையும் உடைத்துவிட்டான். தூங்குகிற ரோபோவை மெல்லிசாக வரையும்போது மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்கிறான், பார்க்கச் சிரிப்பாக வருகிறது. சதுரத்தின் மூலை இன்னும் வழுக்கிக்கொண்டுதான் போகிறது, பாதி வட்டமாகிவிடுகிறது.

அந்த 29 பக்கத்தையும் திருப்பி வைத்துவிட்டேன், இப்போது பின்பக்கம்தான் ஓடுகிறது. நேற்று ஆய்த ரோபோவைத் தானாக வரைந்தான். இப்போது ஃ-க்குக் காது இல்லையே, நாம் பேசுவது அதற்கு எப்படிக் கேட்கும், காது வைக்கலாமா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். டீச்சர், என்ன சொல்லட்டும்?

கிறுக்கல்_டீச்சர்

தாராளமாக வைக்கட்டும். பள்ளிக்கூடத்து நோட்டில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.