அம்மாவுக்கு அலெக்சா: மைக்கை நம்பலாமா?

தக்கலைக்காரன்: அம்மாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. "அலெக்சா" என்று கூப்பிட்டுச் சொன்னால் கேட்டுச் செய்யும் அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் வந்தபிறகு மணி கேட்பது, ஜெபப் பாட்டு போடுவது எல்லாம் அவரே. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வீட்டுப் பேச்சு எங்கே போகிறது? மைக்கை அணைத்தால் சிவப்பு விளக்கு எரியும். அதை அம்மா எப்படிப் பார்ப்பார்?

நாகர்கோவில்வாசி: "அலெக்சா" என்று கூப்பிட்டபிறகு பேசுவதுதான் அமேசான் சர்வருக்குப் போகும். சில நேரம் கூப்பிடாமலே விழித்துக்கொள்ளும், அதுதான் சிக்கல். போனில் உள்ள அலெக்சா செயலியில் பிரைவசி பகுதிக்குப் போய், குரல் பதிவுகளைச் சேமிக்க வேண்டாம் என்று வையுங்கள். பழைய பதிவுகளையும் அங்கேயே அழிக்கலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், குரல் அவருடையது.

குளச்சல் தம்பி: அண்ணே, பிளக் பாயிண்டுக்குத் தனி சுவிட்ச் இருக்கா? தடவினாலே ஆன்-ஆ ஆஃப்-ஆன்னு தெரியும்.

தக்கலைக்காரன்: இருக்கிறது தம்பி, கட்டில் பக்கத்திலேயே. இன்றே அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டுகிறேன்.