மெட்ரோச் சுரங்க வடிவமைப்புக்குத் தலைமை தாங்குவோர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

உவர்மலையான்:
திருகோணமலையைச் சேர்ந்த குடிசார் பொறியியலாளன் நான். இதுவரை மலைநாட்டு நீர்மின் திட்டங்களின் பாறைச் சுரங்கங்களிலேயே பணியாற்றிய எனக்கு, இப்போது வெளிநாட்டு நகரமொன்றில் மெட்ரோப் பாதையின் நிலக்கீழ்ப் பகுதிக்கான வடிவமைப்புக் குழுவைத் தலைமை தாங்கும் பொறுப்பு வந்திருக்கிறது. அங்குள்ளது மென்மையான கடற்களிமண். மண்ணியல், கட்டமைப்பு, காற்றோட்டம், தண்டவாளம், சமிக்ஞை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழு உண்டு. கணிப்புகளைத் தானே செய்து பழகிய ஒருவன் பிறருடைய கணிப்புகளுக்குக் கையொப்பமிடும் இடத்துக்கு வரும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை இத்துறையில் உள்ள நம்மூரவர்கள் கூறினால் நன்று.

கொட்டியாரம்:
தம்பி, கடற்களிமண் என்று எழுதியிருப்பதால், சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலை விபத்தின் விசாரணை முடிவுகளை முதலில் வாசியுங்கள். 2004 ஏப்ரல் 20 ஆம் திகதி, சர்க்கிள் என்னும் மெட்ரோப் பாதைக்காக மேலிருந்து தோண்டிய ஆழமான குழி இடிந்து நான்கு பேர் உயிரிழந்தனர். களிமண்ணின் வலிமையை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் முறையொன்று கணினிக் கணிப்பில் கையாளப்பட்டிருந்தது. பக்கச்சுவர்களைத் தாங்கிய உருக்குக் குறுக்குத்தாங்கிகள் கிடைவிட்டங்களோடு சேரும் மூட்டுகளும் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன. முதலாவது மண்ணியலைச் சேர்ந்த பிழை, இரண்டாவது கட்டமைப்பைச் சேர்ந்தது. ஆனால் சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்ந்தபோது, அது ஏன் நகர்கிறது என்று தேடாமல், அளவீட்டுக்கு ஏற்பக் கணிப்பைத் திருத்தி எச்சரிக்கை எல்லையையே உயர்த்தினார்களே, அதைத் தடுத்திருக்க வேண்டியது தலைமைதான். ஆகவே அந்த எல்லையை மாற்றும் அதிகாரம் யாருக்கு, எந்தச் சுயாதீனப் பரிசோதகரின் ஒப்புதலோடு என்பதை வேலை தொடங்குமுன்பே எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

கைக்கணக்கையும் விட்டுவிட வேண்டாம். 6.6 மீற்றர் விட்டமுள்ள துளை, அதன் அச்சு 20 மீற்றர் ஆழத்தில், மண்ணிழப்பு (துளையின் கனவளவைவிடக் கூடுதலாக உள்ளே வந்துவிடும் மண்) 1 சதவீதம் என்றால், களிமண்ணில் நேர்மேலே தரை ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் தாழும். கணினி 5 என்று காட்டினால், ஏன் என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான். (கோணேசர் மலைப் பாறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் களிமண்மேல் நம்பிக்கை வராது, அது இந்த வேலைக்கு நல்லது.)

நிலாவெளி:
காற்றோட்டக் குழுவைக் கடைசியில் அழைக்காதீர்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் ரயில் பாதைகளுக்காக வெளியிடும் என்எஃப்பிஏ 130 தரநிலைப்படி, தீ ஏற்பட்டால் நடைமேடை 4 நிமிடங்களில் காலியாக வேண்டும், பயணிகள் 6 நிமிடங்களில் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். படிக்கட்டின் அகலமும், அதனால் நிலையத்தின் அகலமும் இங்கேதான் தீர்மானமாகின்றன. இரட்டைச் சுரங்கங்களை இணைக்கும் குறுக்கு வழிகளுக்கிடையே 244 மீற்றருக்கு மேல் தூரம் இருக்கக் கூடாது. துளைக்கும் இயந்திரம் போன பிறகு சிறு கருவிகளால் குடையப்படும் இந்த வழிகளே மென்மண்ணில் மிக ஆபத்தானவை என்பதால், பாதையின் ஏற்ற இறக்கத்தை முடிவுசெய்யும்போதே அவற்றுக்கு ஓரளவேனும் நல்ல மண் கிடைக்கும் இடங்களைத் தேடுங்கள்.

உவர்மலையான்:
நன்றி. இலங்கையின் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தில் நீர் புகுந்து பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதை நாம் அறிவோம். களிமண்ணில் கசிவு என்ன செய்யும்? நிலம் எதிர்பார்த்தபடி இல்லாவிட்டால் அந்தச் செலவு யாரைச் சேரும்?

கொட்டியாரம்:
நீர் வடிந்தால் களி மெல்ல இறுகும். சுரங்கம் முடிந்து நெடுங்காலம் சென்ற பின்னரும் மேலேயுள்ள கட்டடங்கள் தாழ்ந்துகொண்டிருக்கும். கொங்கிறீற்று வளையத் துண்டுகளுக்கிடையிலான இறப்பர் அடைப்பையும், வளையத்தின் பின்னால் செலுத்தும் சாந்தையும் ஒப்பந்தகாரரின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, நிலக்கீழ் வேலைகளுக்காக 2019 இல் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம், நில அடிப்படை அறிக்கையில் (எத்தகைய நிலத்தை எதிர்பார்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் வரையறுக்கும் ஆவணம்) சொல்லப்பட்ட நிலைமைகளை ஒப்பந்தகாரரின் பொறுப்பிலும், அதற்கு அப்பாற்பட்டவற்றை வேலை கொடுப்பவரின் பொறுப்பிலும் வைக்கிறது. அந்த அறிக்கையை எழுதுவது உங்கள் குழுவாக இருந்தால், ஒவ்வொரு மண்படையின் ஆழத்தையும் வலிமையையும் எண்களில் எழுதச் சொல்லுங்கள். “ஆங்காங்கே கற்பாறை இருக்கக்கூடும்” என்ற வாக்கியம் ஒன்றே போதும், இரு தரப்பு வழக்கறிஞர்களும் பிழைத்துக்கொள்வார்கள்.