அடுத்து எதுல கை வைக்கட்டும்? ஐடியா சொல்லுங்க
நைட் 2 மணி வரைக்கும் போன், காலைல லேட்டா எந்திரிச்சு சமைக்காம ஓட்டம், மூணு வேளையும் கடை சாப்பாடு, அதுல வயித்தெரிச்சல், 20ஆம் தேதிக்கு மேல கிரெடிட் கார்டு, அந்த பில்ல நெனச்சு மறுபடி தூக்கம் வரல, எல்லாம் ஒரே சிக்கு.

போன வாரம் சார்ஜர மட்டும் ஹால்ல டிவி பக்கத்துல மாத்தி வச்சேன், மூணு நாள் 12க்கே தூங்கிட்டேன், ஒருநாள் உப்புமா கூட கிண்டினேன் (கட்டி கட்டியா வந்துச்சு, அது வேற கதை). அடுத்து சாயங்கால காபிய நிறுத்தவா, இல்ல செலவு எழுத ஆரம்பிக்கவா? ரெண்டையும் சேத்து பண்ணா ரெண்டும் புட்டுக்கும், என் ராசி அப்படி. இதுல இருந்து மீண்டவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ். ஜிம்முக்கு போன்னு மட்டும் சொல்லாதீங்க, ஒரு வருஷ பீஸ் கட்டி 4 நாள்தான் போனேன்.