பழைய அலுவலகக் கணினியைக் கடையின் கேமராப் பதிவுக் கருவியாக மாற்றலாமா?

கேள்வி: கீழமாசி மொத்தக்கடை

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்துவருகிறோம். தரைத்தளத்தில் கல்லாவும் எடைத் தராசும், மாடியில் புளி, வற்றல், பருப்பு மூட்டைகள் அடுக்கும் இடமும் உள்ளன. சிந்தாமணிப் பக்கம் தனியே ஒரு கிடங்கும் இருக்கிறது. கடையில் இப்போது 4 அனலாக் கேமராக்களும் அவற்றின் காட்சியைப் பதியும் டிவிஆர் கருவி ஒன்றும் இயங்குகின்றன. புளி மூட்டைகள் குறைவது மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போதுதான் தெரியவந்தது. அதற்குள் பழைய பதிவுகள் அழிந்து, அவற்றின் மேல் புதியவை ஏறிவிட்டன. எஞ்சியிருந்த பதிவிலும் ஆள் நடமாட்டம் தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை.

எனவே கடைக்கு 8, கிடங்குக்கு 4 என, நெட்வொர்க் வழியே காட்சி அனுப்பும் ஐபி கேமராக்கள் பொருத்தி, 30 நாள் பதிவை வைத்திருக்க விரும்புகிறோம். பில் போடுவதற்குப் புதிய கணினி வாங்கியதால், இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறைச் செயலியும் 8 ஜிபி ரேமும் உள்ள பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே பதிவுக்குப் பயன்படுத்தலாம் என்கிறான் அக்காள் மகன். ஐபி கேமராக்களுக்கென்றே உள்ள பதிவுக் கருவியான என்விஆர்தான் சரி என்கிறார் கேமரா பொருத்துபவர். இந்தக் கணினி தாங்குமா, எவ்வளவு ஹார்டு டிஸ்க் வேண்டும், எந்த மென்பொருள் பொருந்தும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: வலையமைப்புப் பணியாளர்

கணினி தாங்கும், ஐயா. கேமராவிலிருந்து வரும் காட்சியை அவிழ்த்து மீண்டும் சுருக்காமல், வந்தபடியே டிஸ்க்கில் எழுதும்படி மென்பொருளை அமைத்துவிட்டால் செயலிக்கு அதிக வேலை இருக்காது. ஒவ்வொரு கேமராவும் முழுத் தெளிவுள்ள முதன்மைக் காட்சி ஓடையையும் (ஸ்ட்ரீம்), தெளிவு குறைந்த துணை ஓடையையும் ஒரே நேரத்தில் தரும். முதன்மை ஓடையைப் பதிவுக்கும், துணை ஓடையைத் திரையில் பார்ப்பதற்கும் அசைவைக் கண்டறிவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலியில் உள்ள இன்டெல் குயிக் சிங்க் வசதி எச்.264, எச்.265 என்ற காட்சிச் சுருக்க முறைகள் இரண்டையும் கையாளும். ரேமை மட்டும் 16 ஜிபி ஆக்கிவிடுவது நல்லது.

டிஸ்க் கணக்கு எளியது. நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒரு நாளில் ஏறத்தாழ 43 ஜிகாபைட் நிரப்பும். எட்டு கேமராக்களையும் அந்த அளவிலேயே ஓடவிட்டால் 30 நாளுக்குப் பத்து டெராபைட்டைத் தாண்டிவிடும். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே தரம் தேவையில்லை. கல்லாவையும் தராசையும் பார்க்கும் இரண்டுக்கு மட்டும் 4 மெகாபிட் கொடுத்து, மற்ற ஆறையும் எச்.265 முறையில், நொடிக்கு 15 படச்சட்டம் (ஃபிரேம்) என்ற வேகத்தில், 2 மெகாபிட்டில் நிறுத்தினால் நாளொன்றுக்குச் சுமார் 216 ஜிகாபைட்தான் சேரும். 30 நாளுக்கு ஆறரை டெராபைட். ஆகவே 8 டெராபைட் டிஸ்க் ஒன்று போதும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்புக்கென்றே செய்த டிஸ்க்காக அது இருக்கட்டும். சாதாரண மேசைக்கணினி டிஸ்க் இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதற்காகச் செய்யப்பட்டதன்று. விண்டோஸைத் தனியே ஒரு சிறிய எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11ஐ ஏற்கும் என்பது உங்களுக்குச் சாதகம்.

மென்பொருளில், மைல்ஸ்டோன் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு 8 கேமராக்களோடு நின்றுவிடும். இன்று சரியாகப் பொருந்தினாலும் ஒன்பதாவது கேமராவுக்கு இடமிராது. விண்டோஸில் பணம் கொடுத்து வாங்குவதானால் புளூ ஐரிஸ் 64 கேமரா வரை ஏற்கும். லினக்ஸ் பழகிய ஆள் வீட்டில் இருந்தால் திறமூலமான ஃபிரிகேட் மிக நல்லது. மனிதரையும் வாகனத்தையும் அதுவே பிரித்தறியும் என்பதால், மாடியில் பூனை ஓடுவதற்கெல்லாம் கைப்பேசி அலறாது. எதை எடுத்தாலும், எந்த நிறுவனத்தின் கேமராவும் மென்பொருளும் ஒத்துழைப்பதற்கான ஆன்விஃப் தரத்தின் டி (Profile T) வகையை ஏற்கும் கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். நாளை மென்பொருளை மாற்றினாலும் கேமராக்களை மாற்ற வேண்டியிராது.

பதில்: கேமரா நிறுவுநர், திண்டுக்கல்

மேலே சொன்ன கணக்குகளில் பிழையில்லை. ஆனால் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கணினியை யார் பார்த்துக்கொள்வது? என்விஆர் 15 அல்லது 20 வாட்டில் ஓடும். மின்சாரம் வந்ததும் தானே எழுந்து பதிவைத் தொடரும். விண்டோஸ் கணினியோ நள்ளிரவில் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆகும். மென்பொருளை, கணினி எழுந்ததும் தானே ஓடும் விண்டோஸ் சேவையாக அமைக்காவிட்டால், யாராவது கடவுச்சொல் இட்டு உள்ளே நுழையும் வரை பதிவே நடக்காது. காலையில் கடை திறக்கும்போது திரை வெளிச்சமாகத்தான் இருக்கும், பதிவு நின்றுபோனது யாருக்கும் தெரியாது. வற்றல் மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் விசிறியுள்ள கணினியை வைத்தால் அதன் உட்புறம் என்னவாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கணினியில் அவசரத்துக்கு ஒரு பில் போடுவது, ஓய்வு நேரத்தில் படம் பார்ப்பது என்று எந்த வேலையும் நடக்காது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

இதைவிட முக்கியமானது கேமராவின் இடம். ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, அவர் நிற்கும் தூரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது. ஏற்கெனவே பழகிய முகத்தை அறிய 125 போதும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம் கொண்டது. 2.8 மிமீ லென்ஸ் ஏறத்தாழ 100 பாகை விரிந்து பார்ப்பதால், 5 மீட்டர் தள்ளி அது 12 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்கும். ஒரு மீட்டருக்குக் கிடைப்பது 215 பிக்சல்தான். அதே இடத்தில் 4 மிமீ லென்ஸ் போட்டால் 300ஐத் தொடும். அறை முழுவதும் தெரிகிறதே என்று மகிழ்ந்து எல்லா மூலைக்கும் 2.8 வாங்குபவர்கள்தான் பிறகு முகம் தெரியவில்லை என்கிறார்கள்.

உங்கள் கடைக்கு மாடிப்படியின் தலைப்பில், ஏறி வருபவரின் முகத்துக்கு நேராக, 6 மிமீ கேமரா ஒன்றைத் தாழ்வாகப் பொருத்தச் சொல்வேன். கூரையை ஒட்டி மாட்டினால் தலையில் வைத்த மூட்டை மட்டும்தான் பதிவாகும். தெருவை நோக்கிய ஷட்டர் வாசலுக்கு, வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி உண்மையாகவே உள்ள கேமரா வேண்டும். இல்லையெனில் பகல் வெளிச்சத்துக்கு எதிரே வருபவர்கள் எல்லாரும் கரிய உருவங்களாகத்தான் தெரிவார்கள்.

கேள்வியாளர்: கீழமாசி மொத்தக்கடை

இருவருக்கும் நன்றி. கணினியைக் கல்லாவுக்குப் பின்னுள்ள பூட்டிய அறையில் வைக்க முடியும். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். மூன்று ஐயங்கள் மீதமுள்ளன. கடையில் 150 ஏஎச் பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்தடையில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? கிடங்கின் கேமராக்களை எப்படி இணைப்பது? காவல் நிலையம் வரை போக நேர்ந்தால் இந்தப் பதிவு செல்லுமா?

பதில்: வலையமைப்புப் பணியாளர்

கணினிக்கு 50 வாட், கேமரா ஒன்றுக்கு 6 வாட் வீதம் எட்டுக்கு 48, கேமராக்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்குச் சிறிது எனச் சுமார் 110 வாட் சுமை வரும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், இந்தச் சுமை மட்டும் எனில் குறைந்தது ஆறேழு மணி நேரம் ஓடும். மின்விசிறிகளும் அதிலேயே ஓடினால் பாதிகூட எதிர்பார்க்க முடியாது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வையுங்கள், அப்போதுதான் மாறும் நொடியில் கணினி அணையாது. பலர் கணினியை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்து, நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச்சைச் சாதாரண இணைப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். மின்தடையின்போது கணினி ஓடினாலும் எதுவும் பதிவாகாது. பேட்டரி முழுதும் தீர்ந்து அணைந்தாலும், மின்சாரம் வந்ததும் தானே தொடங்கும்படி, பயாஸ் எனும் கணினியின் தொடக்கத் திரையில் ஓர் அமைப்பு உண்டு. அதை மறவாமல் இயக்குங்கள்.

கிடங்கின் நான்கு ஓடைகளையும் பிராட்பேண்ட் வழியாகக் கடைக்கு இழுத்துப் பதிவு செய்ய வேண்டாம். இணைப்பு அறுந்த நேரத்தில்தான் ஏதாவது நடக்கும். அங்கே ஒரு சிறிய என்விஆர் போட்டு, பதிவை அங்கேயே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு மட்டும் வயர்கார்டு போன்ற விபிஎன் (பிறர் நுழைய முடியாத மறையாக்க இணைப்பு) வழியே இணையுங்கள். கைப்பேசியில் பார்ப்பதற்கும் அதே வழிதான். வெளியிலிருந்து நேரே பார்க்க ரவுட்டரில் போர்ட் (இணைய வாசல்) திறந்துவிடுவதாக யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றித்தான் பெருந்தாக்குதல்களை நடத்தியது. கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பொருத்தி, கேமராக்களை அதனோடு மட்டும் இணைத்துவிட்டால், அவற்றுக்கு இணையத்தோடு தொடர்பே இராது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதிகள் கட்டாயமாகியுள்ளன. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடாமல் இருக்க, வாங்கும் மாடலின் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

பதில்: உரிமையியல் வழக்குரைஞர்

பதிவு செல்லுமா என்பதற்கு: 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. பதிவின் நகலைப் பென்டிரைவில் கொடுத்தால் மட்டும் போதாது. அதனுடன் சான்றிதழும் வேண்டும். அதன் முதற்பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பு திருத்தப்படவில்லை என்று காட்ட உதவும் எண்ணெழுத்துக் குறியான ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அந்த மதிப்பை விண்டோஸில் உள்ள வசதியைக்கொண்டே கணக்கிடலாம் என்பது கணினி வழியின் ஒரு வசதி. சம்பவம் தெரிந்த அன்றே உரிய பகுதியை வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, ஹாஷையும் குறித்து வையுங்கள். முப்பதாம் நாள் மென்பொருள் அதை அழித்துவிடும்.

எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது நேரத்தைத்தான். கேமராவில் ஒரு நேரமும் பில்லில் வேறொரு நேரமும் இருந்தால் நல்ல சாட்சியமும் வலுவிழக்கும். பில் போடும் கணினியும் கேமராக்களும் நேரத்தை ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைக்கச் சொல்லுங்கள். கண்காணிப்பு உண்டு என்ற அறிவிப்பைத் தொழிலாளர்களின் கண்ணில் படும்படி தமிழில் வையுங்கள். உடை மாற்றும் இடத்தின் பக்கம் எந்தக் கேமராவும் திரும்பக் கூடாது.

பதில்: கேமரா நிறுவுநர், திண்டுக்கல்

பூட்டிய அறையும் தனிக் கணினியும் உறுதி என்றால், கணினி வழிக்கு எனக்கும் மறுப்பில்லை. கேபிள் பற்றி மட்டும் ஒரு சொல். விலை குறைவென்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைத் தலையில் கட்டிவிடுவார்கள். நீளம் கூடினால் பிஓஇ மின்சாரம் அதில் வீணாகி, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும்போது கேமரா அணைந்து அணைந்து எழும். முழுச் செம்பாக உள்ள கேட்6 வாங்குங்கள். ஓர் இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பருப்பு மூட்டை இருக்கும் மாடியில் எலி இல்லாமல் இராது என்பதால், அங்கே பிவிசி குழாயை நம்பாமல் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்குள் கேபிளைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.